பாய்லர் அறைப் பிரின்டர்

பழைய இரும்புக் கடைக்காரர் அந்தப் பிரின்டரைக் காலால் நகர்த்திக் காட்டினார். அந்தக் காலை ஒடித்தால் என்ன என்று வந்தது மரைக்கு.

"இத எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க? எடைக்குத்தான் போகும்."

"எடைக்கே எடுத்துக்கறேன். காலை மட்டும் கொஞ்சம் எடுங்கண்ணே."

பிரின்டரோடு வந்த கனமான கம்ப்யூட்டர் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டான். அதோடு விட்டானா? எந்த மில்லிலிருந்து எந்தத் தேதியில் வந்த சாமான் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னான். ஓட்டை இரும்புக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிற ஆளை அந்தக் கடைக்காரர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

மரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. படிக்கிற காலத்தில் 'மரை கழன்ற கேஸ்' என்று கூட்டாளிகள் ஆரம்பித்தார்கள். போகப் போகக் கழன்றதும் போய், கேஸும் போய், மரை மட்டும் நின்றுவிட்டது. இப்போது வயது நாற்பத்தைந்து. தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். 'புதுசு வாங்கிக்குங்க' என்று மற்றவர்கள் கைவிரித்த பெட்டிகள்தான் இவனிடம் வரும். செய்த கம்பெனியே இழுத்து மூடிவிட்டுப் போயிருக்கும். உலகத்தில் யார் யாரோ தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருக்கிற இயங்குதளங்களை அவற்றில் ஏற்றி, எழுப்பி உட்கார வைத்துவிடுவான். கெட்டிக்காரன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே ஒரு கோணல். மனிதர்களிடம் எதையும் கேட்க மாட்டான். "ஆளைக் கேட்டா அவனுக்குத் தோணினதச் சொல்லுவான். மெஷினைக் கேட்டா நடந்ததச் சொல்லும்" என்பான். வாடிக்கையாளர் என்ன கோளாறு என்று வாயைத் திறப்பதற்குள் பெட்டியைத் திறந்துவிடுகிறவன்.

இந்தப் பிரின்டரை அவன் தேடிப் போனது அக்காவுக்காக. சரியாகச் சொன்னால் அக்கா வீட்டுக்காரருக்காக.

மாமா ஒரு மில்லில் பாய்லர் அறை மேற்பார்வையாளர். இருபது வருடத்துக்கு மேல் அந்த வெக்கையில் நின்றவர். மூன்றாம் எண் பாய்லரின் பாதுகாப்பு வால்வு இறுகிப்போய்விட்டது, சரிசெய்கிறவரை அதைப் பற்றவைக்கக் கூடாது என்று மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினாராம். பாய்லர் அறை மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் அடித்து, பக்கத்திலிருந்த பிரின்டரில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மேலாளர் கையில் கொடுத்து, ஒன்றைத் தன் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டாராம். நாலாம் நாள் அவருக்கு விடுப்பு. அன்றைக்குப் பார்த்து அந்தப் பாய்லரைப் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது வெடித்தது. தீப்போடுகிற தொழிலாளி ஒருவர் அந்த இடத்திலேயே போய்விட்டார்.

எழுதினாராம், கொடுத்தாராம் என்று நான் இழுக்கிறேன் இல்லையா? ஊரும் அப்படித்தான் இழுத்தது. கடிதமே தன் கைக்கு வரவில்லை என்று மேலாளர் சாதித்தார். விபத்து நடந்த பிறகு தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வெளியே எங்கேயோ ஒரு கடையில் அடித்து, பழைய தேதி போட்டு எடுத்து வந்திருக்கிறார் என்று மாமா மேல் திருப்பிவிட்டார். மில் அவரை வெளியே அனுப்பியது. ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது.

வேலை போனதைக்கூட மாமா தாங்கிக்கொண்டார். செத்தவரின் மனைவி அவரை மருந்துக் கடை வாசலில் நிறுத்திக் கேட்டாள்: "எழுதிக் குடுத்தேன், எழுதிக் குடுத்தேன்னு சொல்றீங்களே, என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம்தானே பேனாவையே எடுத்தீங்க?" பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா திரும்பி வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை. பின்னறை நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், திரும்பவும் போய் உட்கார்ந்துகொள்வார். யார் எது கேட்டாலும் "விடு" என்ற ஒரே பதில்தான்.

அக்கா விடுகிற ரகமில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கக் கண்ணாடித் துண்டில் புள்ளி பார்க்கிற கண். சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த அந்தக் கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். இடது ஓரத்தில் மூன்று சின்னஞ்சிறு கறுப்புத் தீற்றல்கள். மூன்றும் ஒரே அச்சு. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒரே அளவு. தம்பியின் கடைக்கு ஓடி வந்தாள்.

"இது என்னடா?"

மரைக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிரின்டருக்குள் ஓர் உருளை உண்டு, டிரம் என்பார்கள். அதில்தான் பொடி ஒட்டிக் காகிதத்தில் எழுத்தாக இறங்கும். அந்த உருளையில் ஒரு கீறல் விழுந்தால் அது சுற்றுகிற ஒவ்வொரு முறையும் காகிதத்தில் அதே இடத்தில் ஒரு தீற்றல் விழும். கைரேகை மாதிரிதான், ஒரு உருளையின் கீறல் போல இன்னொன்றில் இருக்காது.

"அப்ப அந்த பிரின்டர் கெடச்சா?"

"கெடச்சா போதாதுக்கா. ஓடணும். ஓடி இதே கோடு விழுந்தா, இந்தக் கடுதாசி அந்த மெஷின்ல அடிச்சதுதான்னு ஆயிடும். வெடிச்ச அன்னைக்கே பாய்லர் ரூமுக்கு சீல் வெச்சுட்டாங்க. சீல் உடைச்சு, சாமானெல்லாம் நேரா பழைய இரும்புக்குப் போயிருக்கு. அதனால மாமா வெடிக்கிறதுக்கு முந்தித்தான் அடிச்சிருக்க முடியும்."

விசாரணைக் குழு முதல் நாளே அந்தக் கடிதத்தைப் பார்த்து, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருந்தது. அதனால் பிரின்டர் கைக்கு வந்தபின் புதிதாக அடித்தார்கள் என்றும் யாரும் சொல்ல முடியாது. மில்லின் பழைய காகிதங்களோடு ஒப்பிடலாமே என்று அக்கா இரண்டு தடவை எழுதிக் கேட்டாள். அந்தப் பிரின்டரில் பாய்லர் அறையின் தினசரிப் பதிவைத் தவிர வேறெதையும் அடிப்பதில்லை, அந்தக் காகிதமெல்லாம் கூழுக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. ஆக மிச்சம் இருந்தது பிரின்டர் ஒன்றுதான்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்," என்றாள் அக்கா. "மாமாகிட்ட மூச்சு விடாத. ஆசை காட்டிட்டு அப்புறம் ஓடலைன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

அது நியாயமான பேச்சாகத்தான் அன்றைக்குப் பட்டது. மரைக்கு அதில் உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. அந்தப் பின்னறைக்குப் போய், சுவரைப் பார்க்கிற மனிதரிடம் பேச்சுக் கொடுப்பதைவிட ஓடாத மெஷினோடு மாரடிப்பது அவனுக்கு ஆயிரம் மடங்கு சுலபம்.

மாரடித்தான், மூன்று மாதம். நடுவில் விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போனது இவன் அதிர்ஷ்டம்.

அந்தப் பிரின்டருக்குச் சொந்தமாக மூளை கிடையாது. இந்தக் காலத்துப் பிரின்டரிடம் எழுத்தைக் கொடுத்தால் அதுவே வரைந்துகொள்ளும். இது அப்படியில்லை. பக்கம் முழுவதையும் புள்ளி புள்ளியாகக் கம்ப்யூட்டரே வரைந்து, தன் வயிற்றில் செருகிய ஒரு தனி மின்னணு அட்டை வழியாக ஊட்டிவிட வேண்டும். அந்த அட்டை வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் பொருந்தாது. பொருந்துகிற ஒரே பெட்டியின் ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டை மில்காரர்கள் கழற்றிவிட்டார்கள். அசல் மென்பொருள் அதோடு போயிற்று. பெட்டிக்குள் இருந்த பேட்டரியும் செத்திருந்ததால் ஒவ்வொரு தடவை மின்சாரம் கொடுக்கும்போதும் அது தன் முகவரியையே மறந்துவிட்டு விழித்தது. மரை ஒவ்வொரு தடவையும் அதைக் கையால் அடித்துச் சொல்லிக் கொடுத்தான். திரை கிடையாது, தன் மடிக்கணினியிலிருந்து ஒரு கம்பி இழுத்து அதோடு பேசினான். வட்டும் கிடையாது, அதனால் ஒரு திறந்த இயங்குதளத்தைக் கம்பி வழியாகவே ஏற்றினான். பெட்டி எழுந்துகொண்டது. எல்லாவற்றையும் அடையாளம் கண்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அந்த அட்டையிடம் வந்ததும் 'தெரியாத பொருள்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டது.

தெரியாதாம்! அந்த ஒரு வரிக்காகத்தான் மரை தலையைப் பிய்த்துக்கொண்டான்.

இன்டர்நெட்டில் ஒரு பழைய மடல் குழுவின் கிடங்கில், பதினைந்து வருடத்துக்கு முன்னால், எந்தத் தேசத்துக்காரரோ ஒருவர் இதே அட்டையோடு மல்லுக்கட்டிய குறிப்புகள் கிடைத்தன. எந்த எண்ணை எங்கே எழுதினால் உருளை சுற்றும், எங்கே எழுதினால் காகிதம் கிளம்பும் என்று பாதிவரை கண்டுபிடித்து வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான். கடைசியில் ஒரு வரி: 'அசல் மென்பொருள் பக்கத்தின் எந்த முனையை முதலில் அனுப்பியது என்று தெரியவில்லை. எப்படி அனுப்பினாலும் மெஷின் அச்சிடும், உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள்.' மரை அதைப் படித்தான். தலைப்பக்கம் முதலில் வருகிற மாதிரி வைத்துக்கொண்டான். வெளியே வரும்போதே படித்துப் பார்க்கலாம் அல்லவா? அதற்குமேல் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கீறல் விழுந்த உருளையும் பொடியும் கார்ட்ரிட்ஜ் என்கிற ஒரே கூட்டுக்குள் இருந்தன. பொடி அடிமட்டத்தில் கிடந்தது. அதனால் அந்தக் கூட்டைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அதே அளவில் வேறொரு பழைய பிரின்டரின் கூட்டைச் செருகிச் சோதித்தான். முதல் பக்கம் கன்னங்கரேலென்று வந்தது. பிறகு வெறும் வெள்ளையாக வந்தது. பிறகு எழுத்து வந்தது, ஆனால் எட்டெட்டுப் புள்ளியாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, எலி கடித்த மாதிரி. புள்ளிகளின் வரிசையைத் திருப்பிப்போட்டான், எழுத்து சரியானது. ஆனாலும் நடு நடுவே வெள்ளைப் பட்டை விழுந்தது. இந்த மெஷினில் காகிதம் கிளம்பிவிட்டால் யாருக்காகவும் நிற்காது, புள்ளி வரக் கண்ணிமைக்கும் நேரம் தாமதமானாலும் அந்த இடம் காலிதான். பக்கம் முழுவதையும் முன்கூட்டியே நினைவகத்தில் அடுக்கிவைத்து அட்டையே இழுத்துக்கொள்ளும்படி மாற்றி எழுதினான். காகிதம் இழுக்கிற ரப்பர் உருளை வழவழத்துப் போயிருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. அதில் கால் பங்கை மனிதர்களிடம் காட்டியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அசல் கூட்டைச் செருகினான். மாமாவின் கடிதத்திலிருந்த பதினான்கு வரிகளையும் அப்படியே அடித்து வைத்திருந்தான், பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட வசதியாக இருக்கும் என்று. மெஷின் முனகியது. காகிதம் தலையை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. எடுத்துப் பார்த்தான்.

மூன்று தீற்றல்கள் இருந்தன. வலது ஓரத்தில்.

கடிதத்தில் அவை இடது ஓரத்தில் இருந்தன. அதோடு கடிதத்தில் ஒவ்வொரு தீற்றலும் கனத்த தலை மேலே, மெல்லிய வால் கீழே இடப்பக்கமாகச் சாய்ந்து இருந்தது. இதில் தலை கீழே, வால் மேலே வலப்பக்கமாக. மரை மேலும் இரண்டு பக்கம் எடுத்தான். அதேதான். புள்ளி வரிசையைத் திருப்பிப்போட்டவன் அல்லவா, ஒருவேளை இடவலம் மாறிக் கண்ணாடி பிம்பமாகத் தெரிகிறதோ என்று காகிதத்தை ஜன்னலில் ஒட்டிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தான். தீற்றல் இடது ஓரத்துக்கு வந்தது, ஆனால் தலை கீழேயே இருந்தது. பொருந்தவில்லை. ஓரத்திலிருந்து அளந்து பார்க்கலாம் என்றால் அக்கா கடிதத்தைப் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று பிளாஸ்டிக் உறை போடக் கொடுத்திருந்தாள், கடைக்காரன் நைந்த ஓரங்களை இஷ்டத்துக்கு வெட்டித் தள்ளியிருந்தான். தீற்றல்களின் இடைவெளி மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த அளவு உருளை ஊரில் நூறு பிரின்டரில் உண்டு. டைப் அடிக்கிற கடைகளில் அந்த ரகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மரை முக்காலியில் உட்கார்ந்தான். மூன்று மாதம் கேட்டு, மெஷின் பதில் சொல்லிவிட்டது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு வருத்தம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. மனதின் ஏதோ ஒரு மூலையில் அவனும் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், எழுதினாராம் என்று. அதை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

பரிசோதனைக் கூடத்து வாசலில் வைத்து அக்காவிடம் சொன்னான். அவள் இரண்டு காகிதத்தையும் வாங்கினாள். தன் கண்ணால் பார்த்தாள். இப்படியும் அப்படியும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தப்பா இருக்க வாய்ப்பு இருக்காடா?"

"மூணு தடவை பாத்துட்டேன்க்கா."

எத்தனையோ பேரிடம் சோதனை முடிவை எடுத்துக் கொடுத்தவள் அவள். அழுது, கெஞ்சி, இது என் ரத்தமே இல்லை என்று சண்டை போட்டவர்களையெல்லாம் பார்த்தவள். முடிவு முடிவுதான் என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவள். "சரி" என்றாள். காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு ஊமைகள். மாமா முன்பே பேசுவதில்லை. இப்போது அக்காவும் நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், உட்கார மாட்டாள். முன்பெல்லாம் அவர் பேசாவிட்டாலும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அன்றைய கதைகளை இவளாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த நாற்காலி முன்னறைக்கு வந்துவிட்டது. மரை ஒரு நாள் போனான். ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டான்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா அவனைக் கூப்பிட்டனுப்பினாள். போனபோது பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் காகிதங்கள்.

"நீயும் இரு," என்றாள். பிறகு மாமாவிடம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அந்தக் கடுதாசிய எப்ப எழுதினீங்க?"

மாமா சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். "என்ன கேட்ட?"

"வெடிக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக் கடை வாசலில்கூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது. அக்கா நிறுத்தவில்லை.

"அப்புறமா எழுதியிருந்தாலும் பரவாயில்ல. பயத்துல செஞ்சிருப்பீங்க. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஆனா எங்கிட்டயுமா? இருபத்திரண்டு வருஷம் கூட இருக்கேன், எங்கிட்டயுமா பொய் சொல்லணும்?"

காகிதங்களை அவர் மடியில் வைத்தாள். மரைக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னான். பிரின்டர், அட்டை, உருளை, கீறல், எல்லாம். மாமா கேட்டுக்கொண்டே ஒரு காகிதத்தை எடுத்து விரலால் எழுத்தைத் தடவினார்.

"இது அந்த மெஷின்ல வந்ததா?"

"ஆமா மாமா."

"அத ஓட வெச்சியா நீ? அது செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சேன்." மாதக்கணக்கில் கேட்காத குரல். ஒரு கணம் அதில் சந்தோஷம்கூட இருந்தது, பழகிய ஆளைப் பற்றிய செய்தி கேட்ட மாதிரி. பிறகு கேட்டார். "காகிதம் எப்படி வெளிய வருது?"

"எப்படின்னா?"

"தலை முன்னாடி வருதா, கால் முன்னாடி வருதா?"

"தலை. நான்தான் அப்படி வெச்சேன்."

"எங்களுக்குக் கால் பக்கம்தான் முதல்ல வரும்," என்றார் மாமா. "பன்னண்டு வருஷமா அப்படித்தான். கையெழுத்துப் போடற இடம் முதல்ல வந்து எட்டிப் பாக்கும். போய்ச் சேந்தானே, தீப்போடறவன், அவன் கிண்டல் பண்ணுவான். மெஷினுக்கே அவசரம் பாருங்க, படிக்காம கையெழுத்துப் போடச் சொல்லுதுன்னு."

சொல்லிக்கொண்டே மடியிலிருந்த புதிய காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். பக்கத்தில் கடிதத்தை வைத்தார்.

மூன்று தீற்றல்களும் இடது ஓரத்துக்கு வந்திருந்தன. தலை மேலே. வால் கீழே, இடப்பக்கமாகச் சாய்ந்து. அக்கா குனிந்து பார்த்தாள். தீற்றல் வெட்டுப்பட்ட இடம், வளைவு, வாலின் நுனியில் இருந்த சின்னப் பிசிறு, எதுவும் மாறவில்லை.

எழுத்து நேராக இருக்கிற காகிதத்தை யார் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள்? ஜன்னலில் ஒட்டி, பின்பக்கம் பார்த்து, என்னென்ன வித்தையெல்லாமோ செய்தவன் இதை மட்டும் செய்யவில்லை. வசதியாக இருக்கும் என்று அதே பதினான்கு வரியை அடித்தானே, அந்த வரிகள்தான் அவன் கண்ணைக் கட்டிப்போட்டிருந்தன.

"மாமா," என்றான். "மாமா, நான் ஒரு மடையன்."

"மூணு மாசம் அந்தப் பெட்டியக் கேட்டிருக்க," என்றார் மாமா. குரலில் கோபமில்லை, அது இருந்திருந்தால் தேவலை. "ரெண்டு தெரு தள்ளித்தானே நான் உக்காந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். "தெரியாம கேட்டுட்டேங்க. தெரியாம கேட்டுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் "சரி, அழாத" என்றார். கை நீட்டித் தொடவில்லை.

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. மரை நிரலில் நாலே வரி மாற்றினான், காகிதம் கால் முன்னால் வர ஆரம்பித்தது. பெட்டியையும் பிரின்டரையும் இரும்புக் கடைச் சீட்டோடு விசாரணைக் குழுவின் முன்னால் கொண்டு போய் வைத்தான். அவர்கள் கண்ணெதிரே, மிச்சமிருந்த பொடியில் ஐந்து பக்கம் அடித்துக் காட்டினான். தடயம் பார்க்கிற நிபுணர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். கடிதம் அந்த மெஷினில் அடித்ததுதான், சீல் வைப்பதற்கு முன் அடித்ததுதான் என்று எழுதிக் கொடுத்தார். மேலாளர் மேல் வழக்குப் பதிந்தார்கள். மாமாவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று முத்திரை போட்ட தாள் வந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். அன்றைக்கு அவராக எழுந்து தெருமுனைவரை நடந்து போய்விட்டு வந்தார்.

மறுநாள் காலை மரை அங்கே இருந்தபோது செத்தவரின் மனைவி வந்தாள். வாசலிலேயே நின்றாள். மாமா எழுந்து போய் உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தார். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"அண்ணே, கடை வாசல்ல வெச்சு உங்களக் கேக்கக் கூடாததக் கேட்டுட்டேன். எனக்கு அன்னைக்குப் புத்தி சரியில்ல. மன்னிச்சிடுங்க."

"அய்யோ, என்னம்மா நீ!" மாமா பதறிப்போனார். "நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறதா? நான் அன்னைக்கு லீவு போடாம இருந்திருந்தா அவன் இன்னைக்கு இருந்திருப்பான். எனக்கு அதுதான் தீராது. நீ கேட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"பத்துப் பேர் முன்னாடி கேட்டேனே."

"கேட்டா என்ன? உனக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? அவன் சொல்லி நாலு வார்த்தை கேட்டிருப்ப. கூட இருந்து பாத்தவளா நீ? ஆளைத் தெரியாதவங்க சந்தேகப்படத்தான் செய்வாங்க. அதுல தப்பே இல்லம்மா."

அவளைத் தேற்றத்தான் சொன்னார். அவர் மனதில் வேறு எதுவும் இருந்திருக்காது. மரை அப்படித்தான் நம்பினான், நம்ப விரும்பினான். ஆனால் அக்கா தண்ணீர்ச் செம்போடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கடைசி வார்த்தைவரை கேட்டாள். செம்பை வந்தவளின் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். திரும்பி உள்ளே நடந்தாள்.

மாமா தலையைத் திருப்பி அவள் போவதைப் பார்த்தார். அவர் வாய் லேசாகத் திறந்தது. கூப்பிடுவார், கூப்பிட்டு ஏதாவது சொல்லிவிடுவார் என்று மரை காத்திருந்தான்.

அவர் கூப்பிடவில்லை.